ராஜேஸ்வரி கேட்ட பொருள்கள்

போன ஞாயிற்றுக்கிழமை தொலைந்த மோதிரத்தில் அவ்வளவு சுண்ணாம்பு படிந்திருக்க முடியாது.

நிரோஜினி அதைக் குசினி மேசையில் பழைய துணியொன்றின் மேல் வைத்து, யன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சாம்பல் நிறத்தில் கல்லைப்போல இறுகியிருந்த படிவு விரல் நுழையும் ஓட்டையைக்கூட அடைத்திருந்தது. அதன் ஒரு பக்கத்தில் மிளகளவான இரண்டு சிப்பிகள் ஒட்டி, வளர்ந்து, செத்தும் போயிருந்தன. சிப்பி வளர்ந்து சாக எத்தனை வருசம் வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. ஒரு கிழமையில் ஆகாது என்பது மட்டும் தெரியும்.

மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தோடுதான் அவளுடைய இளமை கழிந்தது. முகமாலைப் பக்கம் பதினொரு வருசம் கண்ணிவெடி அகற்றும் வேலை. ஒப்பந்தம் முடிந்து ஆட்களைக் குறைத்தபோது வேலணையில் தகப்பன் விட்டுப்போன வீட்டுக்குத் தனியாக வந்து சேர்ந்தாள். சுவிஸிலிருக்கும் தமையன், அவளுக்குப் பொழுது போகட்டுமென்று, கடற்கரையில் நகை தேடுகிற டிற்றெக்டர் ஒன்றை அனுப்பிவைத்தான். ஞாயிறுகளில் சாட்டிக் கடலுக்குக் குளிக்க வருகிற சனம் மோதிரத்தையும் சங்கிலியையும் தொலைத்துவிட்டு அழும்போது யாராவது அவளுக்குப் போன் எடுப்பார்கள். அவள் போய்த் தேடிக் கொடுப்பாள். உப்புப் பிடித்துக் கறுத்திருந்தால் வீட்டுக்குக் கொண்டுவந்து சுத்தம் செய்தும் கொடுப்பாள். சொந்தக்காரர் கேட்காமல் அவள் மண்ணைத் தொடுவதில்லை என்பது பொலிசுக்கும் தெரியும், கடற்படைக் காவலரணுக்கும் தெரியும்.

முகமாலையில் ஒருநாள் வேலை முடிகிற நேரம், வெயிற்களைப்பில், ஈயத்தாள் துண்டாக இருக்குமென்று கருவியில் கேட்ட ஒரு மெல்லிய சத்தத்தை விட்டுவிட்டு நகர்ந்தாள். அடுத்தநாள் காலை அந்த இடத்தில் கூட வேலைசெய்த அன்ரனிட்டா கால் வைத்தாள். அன்ரனிட்டா இப்போது மன்னாரில் தையல் கடை வைத்திருக்கிறாள். நத்தாருக்கு வாழ்த்து அனுப்புவாள். அந்தக் காலையைப் பற்றி மட்டும் இருவரும் பேசியதில்லை. அதன்பிறகு, கேட்ட சத்தத்தைத் தோண்டாமல் விட்டுவர நிரோஜினியால் ஏலாமற் போய்விட்டது.

மோதிரத்தைத் தேடித்தரச் சொல்லிக் கேட்டவர் வேதநாதன் மாஸ்ரர். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஊரில் அரைவாசிப் பேருக்கு அவர்தான் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவர். வெள்ளைச் சேட்டும் வேட்டியும் குடையுமாகப் படலையடியில் வந்து நின்றார்.

"பிள்ளை, என்ரை மனிசியின்ரை மோதிரம் ஒண்டு விழுந்திட்டுது. போன ஞாயிறு."

"சாட்டியிலையோ மாஸ்ரர்?"

"இல்லை, அதுக்கும் அங்காலை. தாழம்பத்தைக்குக் கிட்ட. வாரும், நான் காட்டுறன்."

பொருள் தொலைத்தவர்கள் இடம் காட்டுகிற விதம் அவளுக்குப் பழக்கம். இங்கே என்பார்கள், இல்லை அங்கே என்பார்கள், கடலைப் பார்ப்பார்கள், தலையைச் சொறிவார்கள். மாஸ்ரர் அப்படிச் செய்யவில்லை. ஆளில்லாத அந்தக் கரையில் தாழைகளைத் தாண்டி நேரே நடந்துபோய், குடையின் நுனியை மண்ணில் ஊன்றி, "இதிலை" என்றார். பிறகு குழிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தள்ளி நின்றார். அவள் முழங்கையளவு ஆழம் தோண்டினாள். ஞாயிற்றுக்கிழமை விழுந்த மோதிரம் நாலு விரல் ஆழத்துக்குமேல் போயிருக்காது என்று நினைத்துக்கொண்டேதான் தோண்டினாள்.

இப்போது அதைத் தேசிக்காய்ச் சாற்றுக்குள் போட்டாள். சுண்ணாம்பு நுரைத்தது. காதுக்குப் பக்கத்தில் யாரோ பல்லிடுக்கால் மூச்சுவிடுவதுபோல ஒரு மெல்லிய சீறல் கிண்ணத்திலிருந்து எழுந்தது. பின்நேரம் முழுவதும், அவள் சோறு வடித்தபோதும் முற்றம் கூட்டியபோதும், அது நிற்கவில்லை. மூன்று தரம் சாற்றை மாற்றினாள். நாலாம் தரம் பழைய பற்தூரிகையால் தேய்த்தபோது மஞ்சள் தெரிந்தது. உட்பக்கத்தில் 'வே' என்று ஓர் எழுத்து.

மாஸ்ரர் அதைக் கையால் வாங்கவில்லை. சேட்டுப் பையிலிருந்த லேஞ்சியை விரித்துப் பிடித்தார்.

"அவவுக்குச் சந்தோசமா இருக்கும்" என்றார். அதைச் சொன்னபோது அவருடைய முகத்தில் சந்தோசம் இருக்கவில்லை.

நாலாம் நாள் திரும்ப வந்தார். தோடும் விழுந்துவிட்டதாம்.

அதே இடம். குடையின் நுனி பழைய குழியிலிருந்து ஒரு முழம் தள்ளி ஊன்றியது. இரண்டு தோடும் ஒரு சாண் இடைவெளியில், ஒரே ஆழத்தில் கிடந்தன. தண்ணீரில் நழுவி விழுந்த தோடுகள் ஒன்றுக்கொன்று நேரெதிரே அப்படிக் கிடப்பதை அவள் முன்னொருநாளும் கண்டதில்லை. அவற்றுக்கு நடுவே கருவியின் வட்டத் தட்டைக் கொண்டுபோனபோது வேறொரு சத்தம் கேட்டது. கனத்த, உடைந்த, இரும்பின் சத்தம்.

"இதிலையும் ஏதோ கிடக்கு மாஸ்ரர்."

"அது வேண்டாம்." முதுகைத் திருப்பாமலே சொன்னார். "அதை விடும் பிள்ளை."

சொந்தக்காரர் வேண்டாமென்றால் தொடக்கூடாது. அவள் விட்டாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தச் சத்தம் காதுக்குள் கிடந்து உருண்டது.

அடுத்த கிழமை காப்புகள். நாலு. அவை குவிந்தோ சிதறியோ கிடக்கவில்லை. ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக, மண்ணுக்குள் நிமிர்ந்து நின்றன. ஒரு கையில் போட்டிருப்பதைப் போல. அவள் நாலுக்குள்ளும் விரல்களை விட்டுப் பார்த்தாள். எலும்பு இருக்குமென்றுதான் நினைத்தாள். முகமாலையில் அப்படிக் கண்டிருக்கிறாள், அதற்கு அவள் பயந்தவளில்லை. உள்ளே எலும்பு இல்லை. வெறும் ஓட்டை. சுவர் வழவழத்து, ஈரமாக, இறுக்கமாக, மணிக்கட்டின் அளவுக்கு ஒரு குழாய். யாரோ அப்போதுதான் கையை உருவி எடுத்துக்கொண்டு போனதுபோல இருந்தது.

அவள் கையை இழுத்துக்கொண்டாள். நல்ல வெயில். மூன்றரை மணி.

"கிடைச்சுதோ?" என்றார் மாஸ்ரர், கடலைப் பார்த்தபடி.

"ஓம்."

"தாலிக்கொடியும் விழுந்ததோ மாஸ்ரர்?" என்று கேட்டாள். மோதிரம், தோடு, காப்பு எல்லாம் விழுந்த இடத்தில் அது மட்டும் விழாமல் இருக்குமா என்று ஓர் எண்ணம்.

"அது என்னட்டைக் கிடக்கு" என்றார். குடையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, "அதை அவ கேக்கேல்லை" என்றார்.

சாட்டிக் கரையில் கத்தரீனா அக்கா ஒரு கொட்டிலில் கச்சான்கடலையும் சோடாவும் விற்பவள். காலையில் வீடு வீடாக மீனும் கொண்டுபோவாள். நிரோஜினி அவளிடம் போய் உட்கார்ந்தாள்.

"அக்கா, மாஸ்ரற்றை மனிசியை நீங்கள் கண்டிருக்கிறியளோ?"

"ராஜேஸ்வரியையோ? ஏன் காணாமல்? நல்ல வடிவான பொம்பிளை. தொண்ணூறிலை எல்லாரும் தீவை விட்டு ஓடேக்கை, அவ இந்தியாவுக்கு வள்ளம் ஏறிப் போயிட்டா எண்டு மாஸ்ரர் சொன்னவர். பேந்து ஒரு கடிதமும் இல்லை. அந்தாள் அண்டைக்குத் தொடக்கம் தனியத்தான் சமைச்சுச் சாப்பிடுது."

"இப்ப வீட்டிலை நிக்கிறாவாம்."

கத்தரீனா அக்காவின் கை கச்சான் சுருளோடு நின்றது. "ஆர் சொன்னது?"

"அவர்தான்."

"நான் கிழமைக்கு ரெண்டு தரம் அந்த வீட்டுக்கு மீன் குடுக்கிறனான். ஒருதரையும் காணேல்லை." குரலைத் தாழ்த்தினாள். "ஆனா, வைகாசி தொடக்கம் வீட்டு முத்தமெல்லாம் கடல் மண். ஈர மண். விடிய விடியக் கூட்டிக் குவிச்சு வைச்சிருக்கிறார். அவற்றை வீடு கடலிலை இருந்து ஒண்டரைக் கட்டை தூரம், பிள்ளை."

அதற்குப் பிறகு கொலுசு கேட்டு மாஸ்ரர் வந்தபோது நிரோஜினி மறுத்திருக்கலாம். மறுக்கத்தான் நினைத்தாள். ஆனால் அந்தக் குடையின் கீழ் நின்ற முகம் ஒரு மாதத்தில் பத்து வயது கிழண்டு போயிருந்தது. கன்னங்கள் உள்ளே விழுந்து, கண்ணைச் சுற்றிக் கறுத்து, நித்திரை என்பதையே மறந்துபோன முகம். இரக்கத்தில் போனாள். இரண்டு கொலுசும் மற்றவை கிடந்த இடத்திலிருந்து கடற்பக்கமாக, ஒரு ஆள் நீளத்துக்கு அப்பால் கிடந்தன.

வெள்ளி நிலக்கரிபோலக் கறுத்திருந்தது. சட்டியில் ஈயத்தாளை விரித்து, உப்பும் அப்பச்சோடாவும் போட்டு, கொதிதண்ணீரை ஊற்றி அவற்றை உள்ளே இறக்கினாள். கூழ்முட்டை நாற்றம் குபீரென்று எழுந்தது. வெள்ளி வெளுக்கும்போது அந்த நாற்றம் வருவது வழக்கந்தான். ஆனால் யன்னலைத் திறந்தும் அது போகவில்லை. குசினியிலிருந்து கூடத்துக்கு வந்தது, தலையணைக்குள் வந்தது, அவள் கட்டியிருந்த தலைமயிருக்குள் வந்தது. அதற்கு அடியில் வேறொரு மணமும் இருந்தது. ஈரமண்ணும் பழைய தேங்காயெண்ணெயும் கலந்த, தலை முழுகாத ஒரு பெண்ணின் மணம்.

மாஸ்ரர் கொலுசை வாங்க வந்தபோது அவள் கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டாள்.

"மாஸ்ரர், உண்மையைச் சொல்லுங்கோ. ராஜேஸ்வரி அக்கா எப்ப வந்தவ?"

அவர் கொலுசிலிருந்து கண்ணை எடுத்தார். கிணற்றடியில் ஒரு காகம் கரைந்தது.

"வைகாசியிலை. விடியக் கதவைத் திறந்தன். நிண்டவ." லேஞ்சியை மடித்து மடித்து விரித்தார். "கதைக்கிறேல்லை. மோதிர விரலை மட்டும் காட்டினா. குடுத்தன். பேந்து காதைக் காட்டினா. எல்லாத்தையும் குடுத்தாப் போயிடுவா எண்டு நினைச்சன், பிள்ளை."

"இனி என்ன கிடக்கு?"

"ஒண்டு." அவர் கண்களை மூடிக்கொண்டார். "நேற்றுத் தலையைத் தொட்டுக் காட்டினா."

நிரோஜினிக்கு விளங்கியது. இரண்டு தோடுகளுக்கும் நடுவில் கிடந்த அந்தச் சத்தம்.

"எனக்கு ஏலாது மாஸ்ரர். அதை நான் எடுக்கமாட்டன்."

அவர் கண்ணைத் திறந்தார். அந்த முகத்தில் வந்தது ஏமாற்றமில்லை. ஆறுதல். தண்டனை தள்ளிப்போன பள்ளிப்பிள்ளையின் ஆறுதல்.

"நல்லது பிள்ளை. அப்பிடியே விட்டிடும். ஒருநாளும் எடுக்காதையும்" என்று சொல்லி, கொலுசை லேஞ்சியில் சுற்றிக்கொண்டு போனார்.

மூன்று நாள் அவள் கரைப்பக்கம் போகவில்லை. டிற்றெக்டரைக் கட்டிலுக்கடியில் தள்ளிவைத்தாள். ஆனால் சத்தம் வந்தது. கிணற்றில் வாளி இறங்கும்போது, அரிசி களையும்போது, பஸ் பாலத்தடியில் திரும்பும்போது, எல்லாச் சத்தத்துக்கும் அடியில் அந்தக் கனத்த, உடைந்த உறுமல். விட்டுவிட்டு வந்த சத்தம். யாராவது கால் வைக்கப்போகிற சத்தம். அன்ரனிட்டாவின் சப்பாத்து தனியே கிடந்த விதம் பத்து வருசத்துக்குப் பிறகு அப்படியே கண்ணுக்குள் வந்தது.

நாலாம் நாள் காலை குசினிக்குள் போனாள். தேசிக்காய்ச் சாறு ஊற்றுகிற கிண்ணத்தை இரவு கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். இப்போது அது நிமிர்ந்திருந்தது. உள்ளே நிறைய ஈர மண். மண்ணின்மேல் நாலு விரலும் பெருவிரலும் அழுத்திய அடையாளம்.

அவளுடைய கையைவிடச் சின்னக் கை.

அவள் கத்தவில்லை. சுவரோடு சாய்ந்து நின்று மூச்சை எண்ணினாள். இனி இது தன்னுடைய வீட்டுக்கும் வரும் என்பது விளங்கியது. எடுத்துப் பார்த்துவிட்டு, அதை நேரே பொலிசுக்குக் கொண்டுபோவது என்று முடிவெடுத்தாள். கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு பட்டப்பகலில் போனாள்.

கரையில் ஒரு குருவிகூட இல்லை. அலை வந்தது. போனது. தட்டைக் கொண்டுபோன உடனே ஹெட்போனுக்குள் இரும்பு உறுமியது. தோண்டினாள். கைகள் தாமாகவே வேலை செய்தன, முகமாலையில் செய்ததைப்போல, பக்கவாட்டில், மெதுவாக, விரல் விரலாக. மேல்மண் சரிந்தபோது கீழே அச்சு தெரிந்தது. தலையின் அச்சு. தோளின் அச்சு. குப்புறக் கிடந்த ஒரு ஆளின் முழு அச்சு, வழவழத்து, ஈரமாக, வெறுமையாக. பின்னந்தலை இருந்த இடத்தில் துருக்கட்டி ஒன்று செருகி நின்றது.

எடுத்தாள். சாக்கில் சுற்றினாள். திரும்பிப் பார்க்காமல் சைக்கிளை மிதித்தாள்.

என்ன பொருள் என்றே தெரியாமல் பொலிசிடம் போய் என்ன சொல்வது? எலும்பில்லை. உடலில்லை. ஒரு துருக்கட்டியும் ஒரு கதையும். அதனால்தான் அதைச் சுத்தம் செய்தாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வாளித் தண்ணீரில் சலவைச்சோடாவைக் கரைத்து, துருக்கட்டியை அதற்குள் இறக்கி, பழைய பற்றரி சார்ஜரின் ஒரு முனையைக் கட்டியிலும் மறுமுனையை ஒரு தகரத்துண்டிலும் கொளுவிவிட்டு, வாசற்படியில் போய் இருந்தாள். வாளிக்குள் குமிழி எழும்பும் சத்தம் கேட்டது. செந்நுரை விளிம்பால் வழிந்தது. இரண்டு நாள் அப்படியே விட்டாள். துரு மரப்பட்டைபோலக் கழன்று கழன்று விழுந்தது. கம்பித் தூரிகையால் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க ஒரு பக்கம் மெலிந்துகொண்டு போனது. பிடி நுழைக்கும் ஓட்டையிலிருந்து மண் உதிர்ந்தது.

கோடாலி.

கூர் அப்படியே இருந்தது. பெருவிரலை வைத்தாள். கோடாகச் சிவந்தது.

அடுத்தநாள் காலை அதைச் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு புறப்பட்டாள். பொலிசுக்குப் போகும் வழியில்தான் மாஸ்ரர் வீடு. அவரையும் கூட்டிக்கொண்டு போகலாம், அவர் தன் வாயாலேயே சொல்லட்டும் என்று நினைத்தாள். பத்து மணி. ரோட்டில் ஒரு பள்ளிக்கூட வான் போனது. யாரோ வானொலி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

படலை திறந்திருந்தது. முற்றம் முழுவதும் ஈரமண். கூட்டிக் குவித்த குவியல்கள் இடுப்பளவு. வாசலில் செருப்பில்லாத காலடிகள், எல்லாம் உள்ளே போகிற காலடிகள். வெளியே வருகிற ஒன்றுகூட இல்லை.

"மாஸ்ரர்?"

"வாரும் பிள்ளை."

கூடத்துக்குள் வெளிச்சம் குறைவு. கூழ்முட்டை நாற்றம். மாஸ்ரர் ஒரு கதிரையில் சுவரைப் பார்த்தபடி இருந்தார். சேட்டு இல்லை. தலைமயிரைப் பின்பக்கம் ஒட்ட வெட்டியிருந்தார். கதிரைக்குப் பக்கத்தில் புதிதாகச் சீவிய மரப்பிடி ஒன்று சாத்தியிருந்தது. நிலத்தில் சீவல்கள். வெள்ளையாக, சுருள் சுருளாக.

"எடுக்காதையும் எண்டு சொன்னனான்." அவர் திரும்பவில்லை. குரலில் கோபமில்லை. "துப்புரவாக்கியும் கொண்டந்திட்டீரோ?"

"மாஸ்ரர், எழும்புங்கோ. நாங்கள் பொலிசுக்குப் போவம்."

"ஏலாது பிள்ளை. அவ வந்திட்டா."

அறை வாசலில் தொங்கிய திரைச்சீலை அசைந்தது.

காற்றில்லை.

கொலுசு ஒரு தரம் ஒலித்தது. பிறகு இன்னொரு தரம். கிட்ட.

ஓடு, என்று நிரோஜினி தன் கால்களுக்குச் சொன்னாள். கால்கள் நின்ற இடத்தில் நின்றன. நிலம் ஈரமாக இருந்தது. விரல்களுக்கிடையில் மண் ஏறிக்கொண்டிருந்தது.

திரைக்கு வெளியே ஒரு கை வந்தது.

சின்னக் கை. சாம்பல் நிறம். நாலு காப்பு. மோதிரம். அவள் தேய்த்துத் தேய்த்து மினுக்கிய பொன், அந்த இருட்டிலும் பளிச்சென்று. உள்ளங்கை மேலே விரிந்தது. அதன் ரேகைகளிலிருந்து மண் வழிந்தது. நிற்காமல் வழிந்தது.

சாக்கு எப்போது அவிழ்ந்ததென்று அவளுக்குத் தெரியவில்லை. பாரம் அவள் கையை விட்டுப் போனது மட்டும் தெரிந்தது. குளிர்ந்த விரல்கள், ஒன்றன்பின் ஒன்றாக, இரும்பைச் சுற்றி மூடின. மற்றக் கை திரைக்குள்ளிருந்து நீண்டு, மரப்பிடியை எடுத்தது. பிடி ஓட்டைக்குள் இறங்கியது. அளவெடுத்துச் செய்ததுபோல.

மாஸ்ரர் இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்து, கழுத்தை இன்னும் கொஞ்சம் குனிந்து கொடுத்தார்.